யப்பான் கழிச்சு விட்ட வான், எங்கட றோட்டில

"யப்பான்காரன் கழிச்சு விட்டதை நீ காசு குடுத்துக் கப்பலேத்தி எடுப்பிச்சிருக்கிறாய், என்ன தம்பி?"

ஸ்காபுரோவில ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டு வரிசையில எனக்கு முன்னால நிண்ட அண்ணை கேட்ட கேள்வி. நல்ல மனுசன். வெளியில நிண்ட என்ர வானைக் கண்டிட்டுத்தான் கேட்டவர். அந்த இடத்திலயே பதில் சொல்லுவம் எண்டா, பின்னால பிள்ளையள் கோப்பையோட நிக்குதுகள். வரிசையை மறிக்கேலாது.

ஆனா அந்தக் 'கழிச்சு விட்டது' மனசுக்க கிடந்து குத்திக்கொண்டே இருக்கு.

அதுதான் எழுதுறன். நீளமாத்தான் வரும். தேத்தண்ணியைப் போட்டுக்கொண்டு வந்து இருங்கோ.

முதல் வாகனத்தைச் சொல்லுறன். 1996ஆம் ஆண்டு ரொயோட்டா ஹையேஸ் சுப்பர் கஸ்ரம். 3 லீற்றர் டீசல் ரேர்போ. நாலு சில்லும் இழுக்கும். ஸ்ரியறிங் வலப்பக்கம். ஊரில 'டொல்பின்' எண்டு சொல்லுவமே, அந்தப் பரம்பரை. 2002இல ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணம் – கொழும்பு போய்வந்த ஆக்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. யன்னல் கரை சீற்றுக்கு அடிபட்ட வான்.

அதை நான் ரொறன்ரோவில வைச்சு ஓடுறன். சட்டப்படி, நம்பர் பிளேற்றோட, இன்சூரன்ஸோட.

சரி, ஏன் யப்பானில இதுகளைக் கழிச்சு விடுறவை?

அங்க 'ஷாக்கென்' எண்டு ஒரு பரிசோதனை. புதுக் காருக்கு 3 வருசத்தில முதல் தரம், பிறகு 2 வருசத்துக்கு ஒருக்கா. பிறேக், லைற், புகை எல்லாம் பாப்பினம். அந்த நேரத்திலயே வாகனத்தின்ர பாரத்துக்கு ஒரு வரி, கட்டாயக் காப்புறுதி எண்டு ஒரு தொகையைச் சேத்துக் கட்ட வேணும். வருசா வருசம் கட்டுற கார் வரி வேற. பெற்றோல் வாகனம் 13 வருசத்தைத் தாண்டினா, டீசல் எண்டா 11 வருசத்தைத் தாண்டினா, அந்த வரி 15 வீதம் அளவில கூடும். 13ஆம் வருசத்திலயும் 18ஆம் வருசத்திலயும் பாரத்துக்கான வரியும் ஏறும்.

இப்ப நீங்களே கணக்குப் போடுங்கோ. கார் நல்லா ஓடுது. ஆனா அடுத்த ஷாக்கெனுக்குக் கட்டுற காசு காரின்ர பெறுமதிக்குக் கிட்ட வருது. விப்பியளா, வைச்சிருப்பியளா?

டீசலுக்கு இன்னொரு கதையும் இருக்கு. 1999இல தோக்கியோ ஆளுநர் இஷிஹாரா ஷின்தாரோ டீசல் புகைக்கரியை ஒரு பிளாஸ்ரிக் போத்தலுக்க போட்டுக் கொண்டுவந்து, பத்திரிகைக்காரருக்கு முன்னால ஆட்டிக் காட்டினவர். 2001இல சட்டம் இறுகிச்சுது. தோக்கியோ, ஒசாக்கா, நகோயா சுத்துவட்டாரங்களில, புதுப் புகை அளவுக்குள்ள வராத பழைய டீசல் வாகனங்களுக்குத் தவணை முடிய ஷாக்கென் கிடைக்காது. எஞ்சின் அருமையா இருந்தாலும் ஒண்டும் செய்யேலாது, வெளியதான்.

(புகை விசயத்தில யப்பான் செய்தது சரி எண்டுதான் நான் நினைக்கிறன். அந்தப் போத்தலில இருந்தது மனுசற்ற நெஞ்சுக்க போற கரி. நகரத்துக்க நாளாந்தம் ஓட வான் தேடுறவைக்கு இதே ஹையேஸ் 2.4 லீற்றர் பெற்றோல் எஞ்சினோடயும் வந்தது, அதைத் தேடுங்கோ எண்டுதான் சொல்லுவன். என்ர வான் குடும்பத்தோட தூரப் பயணம் போகத்தான் வெளிக்கிடும். எயார் ஃபில்ரரையும் இன்ஜெக்ரரையும் நான் பாக்கிற கண்ணோட வேற ஆர் பாப்பினம்!)

அப்ப அண்ணை, இது பழுதாப்போய் வந்த சாமான் இல்லை. அந்த நாட்டில வைச்சிருக்கச் செலவு கூடிப்போய் வந்த சாமான். ரெண்டுக்கும் கனக்க வித்தியாசம்.

இனி கனடாப் பக்கம்.

செய்து 15 வருசம் முடிஞ்ச வாகனத்துக்கு கனடாவின்ர பாதுகாப்புத் தரச் சட்டம் விலக்குக் குடுக்குது. அமெரிக்காவில அது 25 வருசம். அதாலதான் அங்கத்தைய ஆக்கள் எங்களைப் பாத்துப் பெருமூச்சு விடுறவை. 2010இல செய்த கார் 2025இல இஞ்ச வரலாம். அமெரிக்காவுக்கு 2035 மட்டும் பொறுக்க வேணும்.

இதில கவனமா வாசிக்க வேண்டிய இடம் ரெண்டு.

ஒண்டு, 15 வருசம் எண்டது வாகனம் *செய்த* மாசத்தில இருந்து. யப்பான் பத்திரத்தில பெரிசாத் தெரியிறது முதல் *பதிஞ்ச* மாசம். அதுவும் அவையின்ர அரச ஆண்டுக் கணக்கில. ஹெய்செய் 22 எண்டா 1988ஐக் கூட்டுங்கோ, 2010. ரெய்வா எண்டா 2018ஐக் கூட்டுங்கோ. எல்லைக்கோட்டில நிக்கிற வாகனம் எண்டா செஸி நம்பரைக் குடுத்து, செய்த மாசத்தை எடுத்துத் தரச் சொல்லி ஏற்றுமதிக்காரரைக் கேளுங்கோ. கப்பலேற முதல். கேட்டு வாங்கி, எழுத்தில வைச்சிருங்கோ.

ரெண்டாவது, எங்கட ஆக்களுக்கெண்டே வைச்ச பொறி. 10 பேருக்கு மேல சீற் இருந்தா கனடாச் சட்டத்தில அது வான் இல்லை, பஸ். பஸ்ஸுக்கு 15 வருச விலக்கு இல்லை. 1971 ஜனவரி 1க்கு முதல் செய்த பஸ் மட்டும்தான் வரலாம். அதால ஊரில ஆக்களை அடைஞ்சு கொண்டு போற அந்த உயரக் கூரை, 14 சீற் ஹையேஸ் இருக்கே, அதை ஆசைப்பட்டு ஏலத்தில எடுத்துப்போடாதேங்கோ. சுப்பர் கஸ்ரம் 7, 8 சீற்றோட வரும். பிரச்சினை இல்லை.

இப்ப எனக்கு விருப்பமான பகுதி. ஏல ஷீற்.

யப்பானில பழைய கார் முக்காவாசி ஏலத்துக்காலதான் கைமாறும். யூஎஸ்எஸ் எண்ட நிறுவனம்தான் பெரிசு. ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு பரிசோதகர் ஒரு பக்கத் தாள் எழுதுவார். நாங்கள் நேர போய்க் கேக்கேலாது, ஒரு முகவர் எங்களுக்காகக் கேப்பார். ஒரு கார் விழுறதுக்குச் சில செக்கன்தான். அதால எங்கட வேலை முழுக்க முதல்நாள் ராத்திரி அந்தத் தாளோடதான்.

மேல மூலையில ஒரு இலக்கம். 4.5, 4, 3.5, 3. 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' எண்டா அடிபட்டு, உடல் திருத்தின வாகனம். பக்கத்தில உள்ளுக்கு ஏ, பி, சி எண்டு ஒரு எழுத்து. (ஏல மண்டபத்துக்கு மண்டபம் கொஞ்சம் மாறும், ஆனா பொதுவா இதுதான்.)

கீழ, காரை விரிச்சு வைச்ச மாதிரி ஒரு படம். அதில சின்னச் சின்ன எழுத்துகள். ஏ எண்டா கீறல். யூ எண்டா நெளிவு. டபிள்யூ எண்டா தட்டிப் பெயின்ற் அடிச்ச இடம், வெளிச்சத்தில அலை தெரியும். எக்ஸ்எக்ஸ் எண்டா அந்தத் தகடே மாத்தினது. எழுத்துக்குப் பக்கத்தில 1, 2, 3 எண்டு அளவு.

இதுகள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. 20, 25 வருச வாகனத்தில கீறல் இல்லாட்டித்தான் நான் யோசிப்பன்.

பயப்பிட வேண்டிய எழுத்து எஸ், சி. எஸ் எண்டா கறள். சி எண்டா கறள் தகட்டைத் திண்டு போட்டுது. பரிசோதகர் கையால கிறுக்கின குறிப்பில 'ஷிதமவாரி சாபி' எண்டு வந்தா, வாகனத்தின்ர அடிப்பக்கம் கறள். அந்த வரி கண்ணில பட்டா, 4 எண்டு இலக்கம் இருந்தாலும் தாளை மூடிப்போட்டு அடுத்ததுக்குப் போங்கோ. நான் அப்பிடி மூடின தாள்கள் கனக்க. பளபளவெண்டு நிண்ட வெள்ளை வான் ஒண்டை விட மனமே வரேல்லை. விட்டன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஒன்ராறியோவில இருக்கிறவைக்குச் சொல்லத் தேவையில்லை. மாரிக்கு றோட்டு முழுக்க உப்பு. அடியில ஏற்கெனவே கறள் பிடிச்சு வந்தது இஞ்ச ரெண்டு மாரியில சல்லடை ஆகும்.

யப்பானுக்குள்ளயும் இந்த வித்தியாசம் இருக்கு. ஹொக்கைடோ, தோஹோக்கு, 'யப்பான் கடல்' கரைப் பக்கம் எல்லாம் பனி, உப்பு. அங்க ஓடின வாகனத்தின்ர அடியைப் பாருங்கோ எண்டு முகவரிட்டக் கேட்டு, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. ஆனா இதில ஒரு சிக்கல்: குளிர் பிரதேசத்துக்கெண்டு செய்த வாகனங்களில பற்றரி பெரிசு, ஸ்ராட்டர் பலம், ஹீற்றர் நல்லது. எங்களுக்கு அதுதான் வேணும். அப்ப என்ன செய்யிறது? குளிர்த் தயாரிப்பா இருக்க வேணும், ஆனா குளிரில்லாத மாகாணத்தில ஓடியிருக்க வேணும். அப்பிடிக் கிடைக்குமோ எண்டு கேக்கிறியள். கிடைக்கும். பொறுமை வேணும், அவ்வளவுதான்.

பத்திர வேலையைக் கெதியாச் சொல்லிப்போட்டு ஓடுறன்.

கப்பல் கூலி கன மீற்றர் கணக்கு, பெரிய வானுக்குக் கூட. கிழக்குப் பக்கம் எண்டா ஹலிஃபக்ஸில இறங்கும். சக்கரத்தில மண் இருந்தா சுங்கத்தில மறிப்பினம், அதால யப்பானிலயே நல்லாக் கழுவச் சொல்லுங்கோ. யப்பானில செய்தது எண்ட அத்தாட்சி இருந்தா பசிபிக் ஒப்பந்தத்தின்படி இறக்குமதித் தீர்வை இல்லை, இல்லாட்டி 6.1 வீதம். எல்லையில 5 வீதம் ஜிஎஸ்ரி. ஏசி இருந்தா அதுக்கு 100 டொலர். மிச்ச 8 வீதம் ஒன்ராறியோவில பதியேக்க. பிறகு ஒரு கராச்சில சேஃப்ரி எடுக்க வேணும், அந்தப் பத்திரம் 36 நாள்தான் செல்லும். எல்லாம் கூட்டிப் பாத்தா, ஏலத்தில விழுந்த விலையளவு இன்னொரு தொகை வெளிக்கிடும் எண்டு மனசில வைச்சுக்கொள்ளுங்கோ.

இன்சூரன்ஸ்!

இதில நான் கத்தின கத்தல் அயல் வீட்டுக்கும் கேட்டிருக்கும். இஞ்சத்தையக் கார் எண்டா 17 எழுத்தில ஒரு நம்பர். யப்பான் உள்நாட்டுக் காருக்கு அது இல்லை. கேஇசட்எச்106 எண்டு தொடங்கி, ஒரு கோடு, பிறகு ஏழு இலக்கம். முடிஞ்சுது. நான் கூப்பிட்ட ஒரு நிறுவனத்தின்ர பிள்ளை (பேர் வேண்டாம்) போனில சொல்லுது, "சேர், மிச்ச எழுத்துகளையும் சொல்லுங்கோ."

"பிள்ளை, மிச்சம் இல்லை."

"கொம்பியூட்டர் விடுகுதில்லை சேர்."

அந்தப் பிள்ளையில பிழையில்லை. ஆனா 15 வருசத்துக்கு மேற்பட்ட யப்பான் வாகனம் இந்த நாட்டுக்கு வரலாம் எண்டு சட்டம் சொல்லேக்க, அதைப் பதிய ஒரு பெட்டி கொம்பியூட்டரில இருக்க வேணுமெல்லோ? பழைய, அரிய வாகனங்களுக்கெண்டு காப்புறுதி செய்யிற முகவர்கள் இருக்கினம், அவையளிட்டப் போனா செஸி நம்பரைக் கையால எழுதி எடுப்பினம். *வாகனத்தை ஏலத்தில கேக்க முதல்* அவையளிட்டக் கதைச்சு, ஓம் எண்டு எழுத்தில எடுங்கோ. வாகனம் துறைமுகத்தில நிக்கேக்க இன்சூரன்ஸ் தேடுறது நெஞ்சு வலி.

இனிச் சொல்லப்போறது பகிடி இல்லை.

ஹெட்லைற்.

யப்பானில இடப்பக்கம் ஓடுறவை. அவையின்ர ஹெட்லைற் இடப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி அடிக்கும். நடைபாதையும் பலகையும் தெரிய வேணும் எண்டதுக்காக. அதே லைற்றைக் கொண்டுவந்து வலப்பக்கம் ஓடுற கனடா றோட்டில போட்டா, அந்த உயர்ந்த வெளிச்சம் நேர எதிரில வாற ஆளின்ர கண்ணுக்க. உங்கட பக்கக் கரையில நடக்கிற ஆள் இருட்டுக்க. சேஃப்ரி பாஸ் பண்ணினாலும் இது ஆபத்துத்தான். வலப்பக்க ஓட்டத்துக்குச் செய்த லைற்றை எடுத்துப் போட்டிட்டுத்தான் நான் முதல் ராத்திரி ஓட்டம் ஓடினன். சில்லுக்கு அலோய், கூரைக்கு ராக், அதெல்லாம் பேந்து. இதைச் செய்யாம ராத்திரி ஓடுற ஆக்களைக் கண்டா எனக்குக் கோபம் வரும். வந்துதான் ஆக வேணும்.

கியூபெக் மாகாணம் 25 வருசத்துக்குக் குறைஞ்ச வலப்பக்க ஸ்ரியறிங் வாகனத்தைப் பதிய விடுறதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில செய்த ஆய்வும், இந்த வாகனங்கள் கூடுதலா விபத்தில மாட்டுது எண்டு காட்டினது. அதைக் கேட்டு எங்கட ஆர்வலர்கள் கொதிப்பினம். நான் கொதிக்கேல்லை. ஆபத்து உண்மை. ஆனா அந்த ஆபத்தைக் குறைக்கிற வேலை எங்கட கையில இருக்கு எண்டதும் உண்மை. தடை செய்யிறதை விட லைற்றை மாத்து, கண்ணாடியைப் பூட்டு எண்டு மாகாணங்கள் கேட்டா நான் முதல் ஆளாக் கை தூக்குவன்.

கதவைப் பற்றியும் சொல்ல வேணும். ஹையேஸின்ர தள்ளுக்கதவு இடப்பக்கம் மட்டும். யப்பானில அது நடைபாதைப் பக்கம். இஞ்ச அது நடுறோட்டுப் பக்கம்! பிள்ளையள் கதவைத் தள்ளிக்கொண்டு குதிச்சா வாகனத்துக்கு முன்னாலதான் விழுங்கள். அதால எங்கட வீட்டில ஒரு சட்டம்: றோட்டுக் கரையில ஆரையும் இறக்கிறேல்லை. பாக்கிங் லொட்டுக்க போய், நிப்பாட்டி, நான் இறங்கி வந்து என்ர கையால கதவைத் திறப்பன். மாமிக்கு இது நல்ல விருப்பம். "மருமோன் கதவு திறந்து விடுறார்" எண்டு கோயில் முழுக்கச் சொல்லிப்போட்டா.

மாமி எண்டவுடன ஞாபகம் வருது. அவ எங்களோட வந்தா முன் இடப்பக்கச் சீற் அவவுக்குத்தான். வெளியில இருந்து பாக்கிற ஆளுக்கு அது றைவர் சீற். சிக்னலில நிக்கேக்க பக்கத்துக் காரில இருந்தவர் திரும்பிப் பாத்தார். 'றைவர்' சீற்றில மாமி வாயைத் திறந்து நல்ல நித்திரை. அந்த மனுசன்ர முகத்தை நீங்கள் பாத்திருக்க வேணும்!

ஆனா அந்தச் சீற்றில இருக்கிற ஆளுக்கு வேலையும் இருக்கு. ஒற்றைப் பாதை ஹைவேயில முன்னால லொறி போனா எனக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. இடப்பக்கம் இருக்கிற மனிசிதான் பாத்துச் சொல்லுவா. அவ "இல்லை" எண்டா இல்லைதான், நான் எட்டியும் பாக்கிறேல்லை. லொறிக்குப் பின்னால இடைவெளி விட்டு ஆறுதலாப் போறது. முந்தி என்னத்தைக் காணப்போறம்?

எஞ்சினைப் பற்றி ரெண்டு வசனம். இந்த 1கேஇசட் டீசலுக்கு ரைமிங் பெல்ற். டாஷ்போட்டில அதுக்கெண்டே ஒரு லைற் இருக்கு, 100,000 கிலோமீற்றரில எரியும். எஞ்சின் முன் சீற்றுகளுக்குக் கீழ. சீற்றைத் தூக்கிப் பாத்தன், யப்பான் கராச்காரர் ஒரு சின்ன ஸ்ரிக்கர் ஒட்டி வைச்சிருக்கிறார். எந்தத் திகதி, எத்தினை கிலோமீற்றரில பெல்ற் மாத்தினது எண்டு பேனையால எழுதி. மை கொஞ்சம் மங்கி, ஆனா ஒவ்வொரு இலக்கமும் நேராக் குந்தியிருக்கு. முகம் தெரியாத ஒரு மெக்கானிக், தனக்குப் பிறகு இந்த வாகனத்தைத் திறக்கப்போற ஆளுக்கு எழுதி வைச்சது. நானும் இப்ப அதுக்குக் கீழ தமிழில ஒண்டு ஒட்டியிருக்கிறன்.

இந்த எஞ்சினுக்குச் சூடு ஆகாது. கூடச் சூடானா ஹெட் வெடிக்கும், பேர்போன வருத்தம். கூலன்ற், ரேடியேற்றர், ஃபான் கிளச், தேர்மோஸ்ரற் எல்லாத்தையும் வந்தவுடன பாத்துப்போடுங்கோ. மாரிக்கு எஞ்சினைச் சூடாக்கிற புளொக் ஹீற்றர் பூட்டுங்கோ. இலையுதிர் காலத்தில அடிப்பக்கம் முழுக்க ஒயில் அடிப்பியுங்கோ, வருசா வருசம்.

பிள்ளையளுக்கு இந்த வானில பிடிச்சது வேற. திறப்பைத் திருப்பினவுடன ஒரு யப்பான் பொம்பிளைக் குரல் வரும். ஹைவேக் காசு கட்டுற அட்டை போடேல்லையாம். யப்பானில ஆரோ பூட்டின கருவி, கழட்டாம வந்திட்டுது. நானும் கழட்டேல்லை. பின்னால இருந்து ரெண்டும் சேந்து அந்த வசனத்தைச் சொல்லுங்கள், அச்சுப் பிசகாம. நடுச் சீற்றைத் திருப்பி எதிரெதிரா இருந்து கடுதாசி விளையாட்டு. யன்னலுக்கு அந்தக் காலத்துத் திரைச்சீலை.

அண்ணை, உங்களுக்கு ஒரு விசயம் மறந்துபோச்சுதோ? தொண்ணூறுகளில பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில ஓடின ஆக்கள் நாங்கள். துளிப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, நாப்பது வருசக் காரில ஆஸ்பத்திரிக்கு ஆக்களைக் கொண்டுபோனவை. வயசைப் பாத்து வாகனத்தைக் கழிச்சு விடுற பழக்கம் எங்களிட்ட இருந்ததே இல்லை. கனடா வந்து, நாலு வருச லீஸ் முடிய முடியக் காரை மாத்தித்தான் அது தொத்தினது.

எல்லாரும் பழைய யப்பான் வான் வேண்டுங்கோ எண்டு நான் சொல்ல வரேல்லை. வீட்டில இருக்கிற ஒரே வாகனம் இதுவா இருக்கப்படாது. பாட்ஸ் யப்பானில இருந்து வர மாசம் பிடிக்கும், அந்த நேரம் வேலைக்குப் போக வேற கார் வேணும். அடியைக் குனிஞ்சு பாக்கப் பஞ்சியான ஆளுக்கும் இது சரிவராது.

ஆனா பாக்கிற ஆள் எண்டா, காசைச் செலவழிக்கிற ஒழுங்கு இதுதான்: முதல் ஹெட்லைற். பிறகு ரைமிங் பெல்ற்றும் கூலன்றும். பிறகு அடிக்கு ஒயில். மிச்சம் இருந்தா பொலிஷ் பண்ணுங்கோ.

ஏல ஷீற் கையில வைச்சுக்கொண்டு முழிக்கிற ஆக்கள் எனக்கு அனுப்புங்கோ, சேந்திருந்து வாசிப்பம். 'ஷிதமவாரி சாபி' எண்டு இருந்தா மட்டும் அனுப்பாதேங்கோ. பதில் உங்களுக்கே தெரியும்.